லமாயூருவிலிருந்து ஹெமிஸ் வரை: 21 நாள் லடாக் நடைப்பயணத் திட்டம் குறித்து ஒரு மதிப்புரை

லே நகரின் பயண நிறுவனங்கள் பல, சிற்சில மாற்றங்களுடன் ஒரே வடிவில் விற்றுவரும் 21 நாள் திட்டம் ஒன்று உண்டு. முதல் ஆறு நாட்கள் லேயிலும் சிந்து நதிக்கரையின் மடாலயங்களிலும் கழிகின்றன. ஏழாம் நாள் லமாயூருவில் தொடங்கும் நடை, மூன்று கணவாய்களைக் கடந்து, மார்க்கா பள்ளத்தாக்கின் வழியே, நடையின் பன்னிரண்டாவது நாளில் ஷாங் சும்தோவில் முடிகிறது. பிறகு ஹெமிஸ் மடாலயம், ஒரு நாள் ஓய்வு, விமானம். ஆகஸ்ட் கடைசியில் புறப்பட்டு, வாற்கோதுமை அறுவடை நடந்துகொண்டிருந்த செப்டம்பரின் நடுவில் திரும்பினேன். நாங்கள் ஆறு பேர். எங்களுடன் ஒரு வழிகாட்டி, ஒரு சமையற்காரர், அவருக்கு ஓர் உதவியாள், ஒன்பது குதிரைகளுடன் ஒரு குதிரைக்காரர் வந்தார்கள். ஒருவருக்கு 1,10,000 ரூபாய். தில்லியிலிருந்து லேக்கு விமானக் கட்டணம் தனி. இதே திட்டம் வேறு பல பெயர்ப் பலகைகளின் கீழும் கிடைக்கிறது என்பதால், என்னை அழைத்துச் சென்ற நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை.

முதலில் மலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இத்திட்டத்தின் பலம் அங்கேதான் இருக்கிறது. லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலை விமானத்தில் இறங்கியவர்களை அன்று மாலையே பாங்காங் ஏரிக்கு வண்டியேற்றும் அவசரம் இங்கே இல்லை. முதல் இரண்டு நாட்களும் விடுதியைவிட்டு அதிகம் நகரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள், நாங்கள் முணுமுணுத்தபோதும் இளகவில்லை. அடுத்து வரும் ஆல்ச்சி லேயைவிடத் தாழ்வான இடம். லமாயூருவும் வான்லாவும் லேயின் உயரத்தைத் தாண்டுவதில்லை. இப்படி எட்டு நாட்கள் உடல் பழகிய பிறகே, 4,900 மீட்டரை ஒட்டிய கோன்ஸ்கே லா என்ற கணவாயை நோக்கி ஏற்றம் தொடங்குகிறது. தினமும் மாலையில் ஒவ்வொருவரின் விரலிலும் ஆக்சிஜன் அளவி மாட்டப்பட்டு, எண் ஒரு நோட்டில் குறிக்கப்பட்டது. கணவாய்க்குக் கீழே முகாமிட்ட இரவில் எங்களுள் மூத்தவருக்குத் தலைவலியோடு வாந்தியும் வந்தபோது, வழிகாட்டி மாத்திரையைக் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கவில்லை. தலைவிளக்கின் வெளிச்சத்தில் அவரை ஹிஞ்சு கிராமத்துக்கே இறக்கிக்கொண்டு போனார். மறுநாள் முழுவதும் நாங்கள் காத்திருந்தோம். திட்டத்தில் ஓர் உபரி நாள் இருந்ததால் அதன் பின் எதுவும் குலையவில்லை, அவரும் நல்லபடியாகக் கணவாயைக் கடந்தார். 19 நாளில் இதையே முடித்துத் தருவதாகச் சொல்லும் மலிவான திட்டங்களில் முதலில் காணாமற்போவது இந்த உபரி நாள்தான்.

சாப்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. நிமாலிங் முகாம் ஏறத்தாழ 4,800 மீட்டரில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 84 பாகையிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது. குதிரை முதுகில் இரண்டு பிரஷர் குக்கர்கள் வந்தன. மூன்று இரவுகள் கிராமத்து வீடுகளில் தங்கினோம். பளபளக்கும் பித்தளைப் பாத்திரங்கள் சுவர் நெடுக அடுக்கப்பட்ட லடாக்கி சமையலறையில், கோதுமை மாவைக் கட்டைவிரலால் அழுத்திக் கிண்ணம்போலக் குழித்துப் போட்டுச் சமைக்கும் ‘ஸ்கியூ’ என்ற குழம்புணவைச் சாப்பிட்ட பிறகு, கூடார உணவு சற்று அலுத்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். உப்பும் வெண்ணெயும் சேர்த்துக் கடைந்த குர்குர் தேநீரைத் தேநீர் என்று நினைத்துக் குடித்தால் தொண்டையில் இறங்காது. ரசம் என்று நினைத்துக்கொண்டால் இரண்டாவது கோப்பையையும் கேட்பீர்கள்.

இனி கோயில்களுக்கு வருகிறேன். திட்டத்தின் விளம்பரத்தாளில் ‘பௌத்தப் பண்பாட்டுத் தலங்கள்’ என்ற வரி பெரிய எழுத்தில் இருக்கிறது. நான் பணம் கட்டியதற்கு அந்த வரியே பாதிக் காரணம். இந்த வழித்தடத்தை முதன்முதலில் வகுத்தவர் கோயில்களை நன்றாக அறிந்தவராக இருந்திருக்க வேண்டும். அதை இன்று நடத்திக்கொடுப்பவர்களோ மலையை மட்டும் அறிந்தவர்கள். மூன்று வாரமும் என்னை உறுத்திக்கொண்டிருந்தது இதுதான்.

ஆல்ச்சியையே எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் நாள் லேயிலிருந்து புறப்பட்டு பாஸ்கோ, லிகிர், ஆல்ச்சி மூன்றையும் பார்த்துவிட்டு இரவுக்குள் லமாயூரு சேர வேண்டும் என்பது ஏற்பாடு. தொலைவு ஏறக்குறைய 125 கிலோமீட்டர்தான் என்றாலும், மலைச் சாலை, மதிய உணவு, இரண்டு இடங்களில் ராணுவ வண்டித் தொடருக்கு வழிவிட்டு நின்ற நேரம் எல்லாம் போக, ஆல்ச்சிக்கு எங்களுக்கு மிஞ்சியது ஐம்பது நிமிடம். ஆல்ச்சி, குன்றின் உச்சியில் கோட்டைபோல நிற்கும் மற்ற லடாக் மடாலயங்களைப் போன்றதன்று; ஆற்றங்கரையில், ஆப்ரிகாட் மரங்களுக்கிடையே, வெளியிலிருந்து பார்த்தால் பழைய தானியக் களஞ்சியம் என்று கடந்துவிடக்கூடிய மண் கட்டடங்கள் சில. 11, 12ஆம் நூற்றாண்டுகளின் காஷ்மீர ஓவிய மரபு, காஷ்மீரத்தில் அழிந்துபோன பிறகும் இங்கே சுவர்களில் தங்கியிருக்கிறது. மூன்றடுக்குக் கோயிலான சும்செக்கின் நிலைவாசலைக் குனிந்து கடந்தால், மூன்று பக்கச் சுவர் மாடங்களில் ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரத்தில் மூன்று போதிசத்துவர்களின் சுதைச் சிற்பங்கள் நிற்கின்றன: அவலோகிதேசுவரர், மைத்திரேயர், மஞ்சுஸ்ரீ. தலைகள் மேல் தளத்துக்குள் போய்விடுவதால், கீழே நிற்பவரின் கண்ணுக்கு நேராக வருவது அவர்கள் உடுத்தியிருக்கும் வேட்டிதான்.

அந்த வேட்டிகளுக்காகவே ஆல்ச்சிக்குப் போக வேண்டும். அவலோகிதேசுவரரின் வேட்டியில் கோயில்களும் அரண்மனைகளும் குதிரை வீரர்களும். மைத்திரேயரின் வேட்டியில் வட்டம் வட்டமாகப் புத்தரின் வாழ்க்கை. மஞ்சுஸ்ரீயின் வேட்டியில் 84 மகாசித்தர்கள், ஒவ்வொருவரும் ஒரு கட்டத்துக்குள் தனித்தனி இருக்கையில். நமக்குப் பதினெண் சித்தர். இங்கே 84 பேர், அத்தனை பேரும் ஒரே வேட்டியில் குடியிருக்கிறார்கள். உள்ளே படமெடுக்க அனுமதியில்லை, அது சரியான விதிதான். ஆனால் மின்விளக்கும் கிடையாது. கதவு வழியே வரும் வெளிச்சம் முழங்கால் உயரத்தோடு நின்றுவிடுகிறது. எங்கள் வழிகாட்டியிடம் டார்ச் இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு பிரெஞ்சு மூதாட்டி தன்னுடைய சிறிய டார்ச்சை நீட்டியிராவிட்டால், மூன்று உயரமான நிழல்களைப் பார்த்ததாகத்தான் இன்று எழுதிக்கொண்டிருப்பேன். அவர் விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது, ஒரு சித்தரின் தாடியில் இருந்த ஒவ்வொரு முடியும் தனித்தனியே இழுக்கப்பட்டிருப்பது தெரிந்தது. இவர்கள் யார் என்று வழிகாட்டியைக் கேட்டேன். “எல்லாம் புத்தர்தான் சார்” என்றார்.

அவரை நான் குறை சொல்லவில்லை. பனிப்பாலம் எங்கே உடையும், பிற்பகலில் எந்த ஓடை பெருகும் என்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர் அவர். ஓவியத்தையும் அவரிடமே எதிர்பார்த்தது நிறுவனத்தின் சிக்கனம். கோயில் நாட்களுக்கு மட்டும் வேறொரு வழிகாட்டியை அமர்த்துவதற்கு ஆகும் செலவு, மொத்த விலையோடு ஒப்பிட்டால் பொருட்படுத்தத்தக்கது அன்று.

லமாயூருவில் ஒரு முழு நாள் கொடுத்திருந்தது நல்ல முடிவு. இங்கே ஒரு காலத்தில் ஏரி இருந்ததாக மடாலயத்தின் தலபுராணம் சொல்கிறது. மடாலயத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக நிற்கும் மஞ்சள் களிமண் மேடுகளும் ஏரிப் படிவுகளே என்பதால், இந்த ஓரிடத்தில் புராணமும் நிலவியலும் சண்டையில்லாமல் ஒத்துப்போகின்றன. பௌத்தச் சித்தர் நாரோபா தவம் செய்ததாகச் சொல்லப்படும் குகை, சபைக்கூடத்தின் ஓரத்திலேயே இருக்கிறது. மறுநாள் காலை பிரிங்கிதி லா என்ற சிறிய கணவாயை ஏறி இறங்கினால் வான்லா. அங்கே மூன்றடுக்குக் கோயிலில் பதினொரு தலை அவலோகிதேசுவரர் இருக்கிறார். ஆல்ச்சியின் சும்செக்குக்குப் பிந்திய தலைமுறையின் கட்டடம் அது: அதே மூன்று மாடங்கள், அதே அடுக்குமுறை, ஆனால் ஓவியர்களின் கை மாறியிருக்கிறது. இரண்டு நாள் இடைவெளியில் இரண்டையும் பார்ப்பவர் அந்த மாற்றத்தைத் தானாகவே கண்டுகொள்ளலாம். வரிசை அப்படிக் கச்சிதமாக அமைந்திருக்கிறது. எங்கள் குழுவில் எவருக்கும் அது சொல்லப்படவில்லை. முகாம் போட நேரமாகிறது என்பதுதான் சொல்லப்பட்டது.

இந்த வரிசையில் மூன்றாவது கோயில் சும்தா சுன். இதுவும் ஆல்ச்சியின் காலத்தை ஒட்டியது. நடைபாதையிலிருந்து விலகி ஏறிச் சென்று பார்க்க வேண்டிய சிற்றூரில் இருக்கிறது. விளம்பரத்தாளில் இதன் பெயர் உண்டு. நாங்கள் ஏறிப் போனபோது கதவு பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் வெளியூர் போயிருந்தார். அறுவடைக் காலத்தில் யாரும் கோயில் வாசலில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்பது அந்த ஊர்ப்பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். முன்கூட்டியே ஆளனுப்பிச் சொல்லிவைப்பது நிறுவனத்தின் வேலை. அதைச் செய்யாமல், “அடுத்த முறை பார்க்கலாம்” என்று ஆறுதல் சொன்னார்கள். மதராஸிலிருந்து, விமானம் மாறி, எட்டு நாள் உடலைப் பழக்கி, ஒரு கணவாயைக் கடந்து வந்தவனிடம் சொல்லக்கூடிய ஆறுதல் அன்று அது.

நடையைப் பற்றியும் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். பத்தாண்டுகளுக்கு முன் இங்கே வந்தவர்களின் வருணனைகளை நம்பிப் புறப்படாதீர்கள். ஹிஞ்சு வரை வண்டி போகிறது. மார்க்கா பள்ளத்தாக்கிலும் ஸ்கியூ என்ற ஊரைத் தாண்டி வண்டித் தடம் நீண்டுகொண்டே போகிறது. கீழ்ப்பகுதியில் ஒன்றரை நாள் புழுதியைத் தின்றுகொண்டு நடந்தோம். குளிர்காலத்தில் நோயாளியை முதுகில் சுமந்து ஆற்றைக் கடந்த ஊர்க்காரர்களுக்குச் சாலை வேண்டும். நடைக்கு வந்த நாம் அதைக் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் வண்டித் தடத்தில் நடக்கும் அந்த நாட்களை விலைப்பட்டியலில் ‘தீண்டப்படாத பள்ளத்தாக்கு’ என்று எழுதுவதை நிறுவனங்கள் நிறுத்தலாம். திட்டத்தின் சிறந்த நடை, ஹிஞ்சுவிலிருந்து சில்லிங் வரையுள்ள கணவாய்ப் பகுதியிலும், மீண்டும் ஹங்கருக்கு மேலே நிமாலிங் புல்வெளியிலும் கிடைக்கிறது. நிமாலிங்கில் 6,400 மீட்டர் உயரமுள்ள காங் யாட்சே நேர் எதிரே நிற்கிறது. மாலையில் நூற்றுக்கணக்கான ஆடுகள் சரிவிலிருந்து இறங்கிவந்து எங்கள் கூடாரக் கயிறுகளுக்கிடையே புகுந்து போயின. 5,200 மீட்டர் அளவிலான கோங்மாரு லாவின் மேலே, கொடித் தோரணம் காற்றில் படபடக்க, பத்து நிமிடத்துக்கு மேல் யாராலும் நிற்க முடியவில்லை. இறக்கம் நீளமானது, முழங்காலைப் பதம் பார்ப்பது. ஊன்றுகோல் இரண்டு வேண்டும்.

வழியெங்கும் மந்திரம் பொறித்த கற்களை அடுக்கிய மணிச் சுவர்களும், சோர்தேன் எனப்படும் ஸ்தூபிகளும் வருகின்றன. அவற்றை வலப்பக்கம் இருத்திக் கடக்க வேண்டும். சன்னிதியை வலம் வந்து பழகிய கால்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் குதிரைகளும், யாரும் அதட்டாமலே, அந்தப் பக்கமாகத்தான் போயின.

லே நாட்களில் திக்சே மடாலயத்தின் காலை வழிபாட்டுக்கு அழைத்துப் போனதைத் தனியே பாராட்டுகிறேன். விடியற்காலையில் மொட்டை மாடியிலிருந்து நீண்ட கொம்புகளை ஊதிய பிறகு, சபைக்கூடத்தில் வரிசை வரிசையாகத் துறவிகள் அமர்கிறார்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் கனமான கெண்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடித் தேநீர் ஊற்றுகிறார்கள். வழிபாடு முடிந்து வெளியே வந்தபோது, கர்நாடகத்தின் முண்டகோட்டில் படித்துத் திரும்பியிருந்த இளம் துறவி ஒருவர், நாங்கள் பேசுவது தமிழ் என்று அடையாளம் கண்டு நின்றார். அங்கே தாங்கள் பல ஆண்டுகள் பயிலும் அளவையியல், திக்நாகரின் நூலுக்குத் தர்மகீர்த்தி எழுதிய விளக்கத்தை அடிப்படையாகக் கொண்டது என்றார். காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று திபெத்திய மரபு கூறும் திக்நாகரை, “உங்கள் ஊர்க்காரர்” என்று அவர் எங்களுக்கு அறிமுகப்படுத்தினார். நாங்கள் ஆறு பேரும் பட்டதாரிகள். அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருந்தவர் ஒருவர்தான். 21 நாளிலும் கோயில் தொடர்பாக எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த விளக்கம் இந்தக் கால் மணி நேரப் பேச்சு. அது திட்டத்தில் இல்லாதது.

ஹெமிஸை முடிவில் வைத்திருப்பதும் சரியே. லேயிலிருந்து வரும் கார்கள் காலை பத்து மணிக்கு மேல்தான் குவியத் தொடங்குகின்றன. நாங்கள் முந்தைய மாலையே வந்து அங்கே தங்கிவிட்டதால், 17ஆம் நூற்றாண்டில் செங்கே நம்கியால் மன்னரின் ஆதரவில் வளர்ந்த அந்தப் பெரிய மடாலயத்தின் முற்றம் காலை இரண்டு மணி நேரம் எங்களுடையதாக இருந்தது. திபெத்திய நாட்காட்டியின் ஐந்தாம் மாதத்தில் நடக்கும் முகமூடி நடனத் திருவிழாவைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் ஜூன், ஜூலையில் வர வேண்டும். அப்போது கணவாய்களில் பனி மிச்சமிருக்கலாம், ஓடைகளும் பெருகியிருக்கும். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் விரிக்கப்படும் பெரிய துணி ஓவியம் கடைசியாக 2016இல் விரிக்கப்பட்டது. அடுத்தது 2028.

பணம் கட்டுவதற்கு முன் சில விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாள் இரவை லமாயூருவுக்குப் பதிலாக ஆல்ச்சியிலேயே கழிக்கும்படி மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள்; கிராமத்தில் தங்குமிடங்கள் உண்டு, லமாயூருவின் முழு நாளில் பாதி போனாலும் இழப்பில்லை. சும்தா சுன் கோயிலின் சாவிக்கு யார் பொறுப்பு என்று கேளுங்கள். கோயில்களுக்குத் தனி வழிகாட்டியைக் கேளுங்கள், கூடுதல் கட்டணமானாலும் பரவாயில்லை. நம் ஊர் ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் நடை தொடங்கிய பிறகு பெரும்பாலும் பயன்படாது. உயர்மலை நோய்க்கான அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் எடுத்துக்கொள்ள வேண்டாம். டார்ச் கொண்டுபோங்கள்.

இன்னும் ஒன்று சொல்ல இருக்கிறது. மூன்றாம் நாள் ஷே அரண்மனைக் கோயிலில், பொன்முலாம் பூசிய செம்பாலான பெரிய புத்தரைப் பார்த்தோம். தந்தை செங்கே நம்கியாலின் நினைவாக தெல்தன் நம்கியால் 17ஆம் நூற்றாண்டில் செய்வித்தது அது. உயரம் 12 மீட்டர் என்று வழிகாட்டி சொன்னார், நாங்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிட்டோம். பதின்மூன்றாம் நாள் சில்லிங் கிராமத்தில், கணவாய் இறங்கிய களைப்போடு ஒரு கொல்லுப்பட்டறையின் வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒருவர் செம்புத் தகட்டைச் சிறு சுத்தியலால் தட்டித் தட்டி அகப்பைக் குழியாக்கிக்கொண்டிருந்தார். ஒரு அகப்பை வாங்கினேன். ஷேயின் புத்தரைச் செய்ய நேபாளத்திலிருந்து வரவழைக்கப்பட்ட கன்னார்களின் வழிவந்தவர்கள் தாங்கள் என்று, சில்லறையை எண்ணிக்கொடுத்துக்கொண்டே அவர் சொன்னார். இந்த ஒரு வாக்கியத்தை மூன்றாம் நாளே யாராவது சொல்லியிருந்தால், நான் அந்தச் சிலையை வேறு கண்ணோடு பார்த்திருப்பேன், சில்லிங்கிலும் ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றிருப்பேன்.

இருபதாம் நாள் ஓய்வு நாள். மற்றவர்கள் லே கடைத்தெருவில் பஷ்மினா சால்வைக்கு விலை பேசப் போனார்கள். நான் அகப்பையைப் பையில் வைத்துக்கொண்டு, டாக்சி பிடித்து, இரண்டாம் முறையாக ஷேக்குப் போனேன். இந்தத் திட்டத்துக்கு நான் கொடுத்த விலை எவ்வளவு என்று யாராவது கேட்டால், அந்த டாக்சிக் கூலியையும் சேர்த்தே சொல்கிறேன்.